நாட்டு மருந்தில் பூசணம்: வெயிலில் உலர்த்தினால் நஞ்சு போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு சிங்கப்பூரில் கடந்த வடகிழக்குப் பருவமழையின்போது, வானம் நாள்கணக்கில் வெளுக்காமல் இருந்த ஒரு வாரத்தில், என் மகளுக்குத் தலைப்பிரசவம் ஆனது. பேத்திக்கு உரைமருந்து கொடுப்பதற்காக ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு, சுக்கு ஆகியவற்றைக் கடையில் வாங்கி வந்திருந்தோம். எடை குறைவாகத் தோன்றிய ஜாதிக்காய் ஒன்றைப் பாக்குவெட்டியால் பிளந்து பார்த்தேன். வெளியே வழவழப்பாக இருந்த காயின் உட்புறம் முழுவதும் சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் பூசணம் படர்ந்திருந்தது. சம்பந்தியம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “கழுவி ரெண்டு நாள் வெயிலில் வச்சா சரியாப் போயிடும் சம்பந்தி, நாங்கள்லாம் அப்படித்தான் செஞ்சோம்” என்றார். பேத்தியின் மேலுள்ள பாசத்தில்தான் சொன்னார். என் தாயாரும் அதையே சொல்லியிருப்பார். ஆனால் உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் 20 ஆண்டுகளுக்கு மேல் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு, அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு அப்படியே இருக்க முடியவில்லை. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நம்பப்பட்டு வரும் இந்த ஒரு தவறான எண்ணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் இக்கடிதத்தைத் தொடங்கினேன்.

பூசணம் உயிருள்ளது. காய்ந்தால் அதன் வளர்ச்சி நிற்கும். கொதிநீரில் அது செத்துவிடும். ஆனால் உயிரோடு இருந்த நாள்களில் அது தான் வளர்ந்த காய்க்குள்ளும் வேருக்குள்ளும் சுரந்துவிட்ட நஞ்சு வெறும் வேதிப்பொருள். பூசணம் செத்தாலும் அந்த நஞ்சு அங்கேயே தங்கிவிடுகிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் பாராசிட்டிகஸ் என்னும் இரு வகைப் பூசணங்கள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சிதைவதற்கு 237 முதல் 306 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் தேவைப்படுகிறது. தண்ணீர் கொதிப்பதோ 100 டிகிரியில். எட்டுக்கு ஒன்றாகச் சுண்டக் காய்ச்சிய கஷாயமானாலும், பருத்தித் துணியில் பலமுறை வடிகட்டிய மூலிகைக் குடிநீரானாலும், அந்த நஞ்சை அழித்துவிடாது. வாணலியில் வறுத்தால் ஓரளவு குறையலாம். முற்றிலும் நீங்கிவிட்டது என்று யாராலும் உறுதி கூற இயலாது. கிருமி நீக்கத்துக்காகப் பொட்டலங்களின்மேல் கதிர்வீச்சு செலுத்தும் வழக்கமும் உண்டு. அதுவும் பூசணத்தைக் கொல்லுமே தவிர, வழக்கமான அளவில் நஞ்சைப் போக்காது. மேலும் உணவிலோ மருந்திலோ கலந்துள்ள மிகச் சிறு அளவில் இந்த நஞ்சுக்கு நிறமோ மணமோ சுவையோ தெரியாது. பூசணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் காய் பார்ப்பதற்குச் சுத்தமாகத் தோன்றும், அவ்வளவுதான்.

இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்ட விதமே அதன் கடுமையைச் சொல்லும். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூசண நஞ்சே காரணம் என்று தெரியவந்தது. 1974ஆம் ஆண்டு இந்தியாவின் மேற்குப் பகுதியிலுள்ள பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்டு 106 பேர் இறந்தார்கள். 2004ஆம் ஆண்டு கென்யாவில் அதே மக்காச்சோளத்தால் 125 பேர் மாண்டார்கள். நமக்கு மிக அருகில், 1988ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தில் நூடல்ஸ் உண்ட 13 சீனக் குழந்தைகள் கல்லீரல் செயலிழந்து இறந்த துயரத்தில், அஃப்ளடாக்சினே முக்கியக் காரணம் என்று மலேசிய மருத்துவர்கள் பின்னர் எழுதினார்கள். என் வயதுடைய பலருக்கு அந்தச் செய்தி இன்றும் நினைவிருக்கும்.

இவையெல்லாம் பெரும் அளவில் ஒரே நேரத்தில் உடலுக்குள் சென்ற நஞ்சின் விளைவுகள். நாட்டு மருந்தில் நாம் அஞ்ச வேண்டியது இத்தகைய திடீர் மரணத்தை அன்று. சிறுகச் சிறுக, பல ஆண்டுகளாக உட்செல்லும் அஃப்ளடாக்சின், கல்லீரலில் மாற்றமடைந்து மரபணுக்களைத் தாக்கிப் புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட முதல் பிரிவுப் பொருள்களில் அதையும் ஒன்றாக, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. ஆக்ரடாக்சின் என்ற மற்றொரு பூசண நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. தொண்டைக் கமறலுக்கு நாம் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரத்தில் இது அடிக்கடி காணப்படுவதால், ஐரோப்பிய ஒன்றியம் அதிமதுர வேருக்கென்றே கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்ற வரம்பை வகுத்திருக்கிறது.

இவ்விடத்தில் என் மனத்தை மிகவும் உறுத்தும் ஒரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலில் தங்கியுள்ளவர்களுக்கு, அஃப்ளடாக்சினால் கல்லீரல் புற்றுநோய் உண்டாகும் அபாயம், அக்கிருமி இல்லாதவர்களைவிட ஏறத்தாழ 30 மடங்கு அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடும் திட்டம் 1987ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களும், வெளிநாட்டில் பிறந்து இங்கு வந்து குடியேறியவர்களும், தங்களுக்கு அக்கிருமி இருப்பதை அறியாமலேயே ஆண்டுக்கணக்கில் வாழக்கூடும். நாட்டு மருந்தை விரும்பி உட்கொள்பவர்களும் பெரும்பாலும் அந்த வயதினரே. அவர்களில், கல்லீரலில் கோளாறு என்று மருத்துவர் சொன்ன மறுநாளே கீழாநெல்லிப் பொடி வாங்கக் கிளம்புபவர்கள் பலர். என் அண்ணனும் அப்படிக் கிளம்பியவர்தான். கீழாநெல்லியின் குணத்தைப் பற்றி நான் வாதிட வரவில்லை. ஆனால் சரியாக உலராமல் பொடியாக்கப்பட்ட கீழாநெல்லியை, ஏற்கெனவே நொந்துபோன கல்லீரலுக்கு வைத்தியம் என்று நம்பி ஒருவர் காலையும் மாலையும் விழுங்குவாரானால், எந்த உறுப்பைக் காக்க நினைக்கிறாரோ அந்த உறுப்பையே அவர் தாக்குகிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உறக்கம் வருவதில்லை.

சுக்குக் காப்பி குடிப்பவர் அனைவருக்கும் நோய் வந்துவிடும் என்று யாரும் கலங்க வேண்டாம். நல்ல முறையில் உலர்த்திப் பாதுகாக்கப்பட்ட மூலிகையில் இந்த நஞ்சு இருக்காது, அல்லது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவே இருக்கும். எப்போதேனும் ஒருமுறை உண்பதைவிட, ஒரே பொட்டலத்திலிருந்து மாதக்கணக்கில் தினமும் உண்பதே கவனிக்க வேண்டியது. மண்டலக் கணக்கில் மருந்துண்ணும் வழக்கம் நம்முடையது என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன். குழந்தைகளின் கதை முற்றிலும் வேறு. ஐரோப்பிய மருந்து நூல், மூலிகைச் சரக்கில் அஃப்ளடாக்சினின் பி1 என்ற வகை கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. அதாவது 100 கோடியில் 2 பங்கு. கைக்குழந்தைகளுக்கான உணவில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் மட்டுமே. மூன்று கிலோ எடையுள்ள ஓர் உயிருக்கு நாவில் தடவும் மருந்தை நாம் எத்தனை கண்டிப்புடன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு இந்த எண்ணே போதும். பிரசவ லேகியம் உண்ணும் தாய்க்கும் இது பொருந்தும். ஏனெனில், தாய் உட்கொண்ட அஃப்ளடாக்சினின் ஒரு பகுதி உருமாறித் தாய்ப்பாலில் வெளிப்படுகிறது.

நஞ்சு எங்கே உண்டாகிறது என்று கேட்டால், மூலிகையைப் பறித்த நாளிலிருந்து நம் வீட்டுப் புட்டியில் அது தீரும் நாள்வரை எங்கு வேண்டுமானாலும் உண்டாகலாம் என்பதே விடை. ஜாதிக்காயையே எடுத்துக்கொள்வோம். கேரளத்தில் அது பெருமளவில் பழுத்து விழுவது தென்மேற்கு மழைக்காலத்தில். ஈரமண்ணில் கிடந்து பொறுக்கப்படும் கொட்டை, ஓட்டுக்குள் குலுங்கி ஒலிக்கும்வரை வாரக்கணக்கில் உலர வேண்டும். பகலில் காய்ந்தது இரவில் பனியிலோ சாரலிலோ மீண்டும் ஈரமானால், அந்த இடைவெளியே பூசணத்துக்குப் போதும். வண்டு துளைத்த ஓட்டை இருந்தால் இன்னும் எளிது. மஞ்சள், சுக்கு, திப்பிலி, மிளகாய் என்று தரையில் பரப்பி உலர்த்தப்படும் சரக்கு எதற்கும் இதே நிலைதான். மூலிகைகளை வெறுந்தரையில் போடாமல் உயரமான தட்டிகளில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, மழையும் பனியும் படாமல் விரைந்து உலர்த்த வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டிலேயே மூலிகை பயிரிடுவோருக்கும் சேகரிப்போருக்கும் வழிகாட்டி வெளியிட்டது. அது எல்லாக் களத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்புவதற்கில்லை.

அடுத்தது நம் ஊர். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 82 விழுக்காடு. விடியற்காலையில் அது 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மழை இல்லாத பிற்பகலில் மட்டுமே 60 விழுக்காடு அளவுக்கு இறங்குகிறது. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால் உலர்ந்த சரக்கில் பூசணம் வளர முடியாது என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால், திறந்து வைத்த கோணியிலோ மூடி தளர்ந்த டப்பாவிலோ இருக்கும் மூலிகை இங்கு இரவு முழுவதும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். அஃப்ளடாக்சின் நன்கு சுரக்கும் வெப்பநிலையான 25 முதல் 35 டிகிரி, நாம் அன்றாடம் வாழும் வெப்பநிலையே. ஈரோட்டிலோ மதுரையிலோ கோடை வெயிலில் ஓராண்டு கெடாமல் இருந்த பொடி, இங்குள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுச் சமையலறையில் அதே போலிருக்கும் என்று எதிர்பார்ப்பது பிழை. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் அன்போடு திரித்துக் கொண்டுவரும் இரண்டு கிலோ மருந்துப் பொடியும், சூடு ஆறுவதற்குள் பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டிருந்தால், பெட்டிக்குள்ளேயே வேர்த்துக் கட்டி தட்டத் தொடங்கிவிடும்.

நம் மருத்துவ மரபு இதையெல்லாம் அறியாத மரபன்று. ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்று சொல்லி, சுக்கின் தோலைச் சீவவும் கடுக்காயின் கொட்டையை நீக்கவும் நம்மைப் பழக்கியது அது. சரக்குச் சுத்தி என்பதை மருந்து செய்வதன் முதற்படியாக வைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சித்த மருத்துவம் ஒவ்வொரு மருந்துக்கும் ஆயுள் குறித்திருக்கிறது: குடிநீருக்கு, அதாவது கஷாயத்துக்கு, 3 மணி நேரம், பொடியான சூரணத்துக்கு 3 மாதம், லேகியம் என்னும் இளகத்துக்கு 6 மாதம். அஃப்ளடாக்சின் என்ற பெயர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பொடித்த மருந்து நெடுநாள் தாங்காது என்பதைக் கண்டு சொன்னார்கள். ஆனால் இன்று ஈராண்டுக்கு முந்தைய திரிபலாச் சூரணத்தை அலமாரியின் மூலையிலிருந்து எடுத்து, ‘மூலிகைதானே, கெடாது’ என்று நாம் உண்கிறோம். மரபின் மேலுள்ள பற்றினால் மருந்தை உண்பவர்கள், அந்த மரபு விதித்த கெடுவைக் கைவிட்டது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டில் நாங்கள் இப்போது கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். பொடியாக விற்பதை வாங்குவதில்லை. முழுக் காயாக, முழு வேராக வாங்கி, உடைத்துப் பார்த்துவிட்டே இடிக்கிறோம். இந்த நஞ்சு ஒரு மூட்டை முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. 100 காய்களில் ஒரே ஒரு காயில் மிகுதியாக இருக்கக்கூடும். அந்த ஒரு காயைக் கண்ணால் பார்த்து ஒதுக்க முடியும். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் காய் நஞ்சற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் கெட்டதை ஒதுக்குவதே பெரும் பகுதி நஞ்சை ஒதுக்குவதுதான். மாதத்துக்குத் தேவையான 50 கிராம், 100 கிராமுக்கு மேல் வாங்குவதில்லை. இடிப்பதற்கு முன் இளஞ்சூட்டில் வறுத்து, முற்றிலும் ஆறவிட்டுத்தான் புட்டியில் அடைக்கிறோம். இந்த வறுவல் ஈரத்தைப் போக்கி இனிமேல் பூசணம் வராமல் தடுப்பதற்காக மட்டுமே. வந்துவிட்ட நஞ்சை அது நீக்காது என்பதை மீண்டும் சொல்கிறேன். இறுக மூடும் கண்ணாடிப் புட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம், வெளியே வாங்கிய தேதி எழுதிய துண்டுத்தாள். அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் வைப்பதில்லை, ஏனென்றால் ஆவி அங்கேதான் போய்ச் சேர்கிறது. ஈரக்கரண்டி உள்ளே போவதில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள், எடுத்தவுடன் திறக்காமல் புட்டியின் குளிர் தணியும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே முத்துமுத்தாகப் படிந்துவிடும்.

மக்கிய வாடை, கட்டி தட்டிய பொடி, நூல் நூலாகப் பிரியும் லேகியம், பச்சையோ கறுப்போ வெள்ளையோ ஏதேனும் ஒரு படலம், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் முழுப் பொட்டலத்தையும் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்க வேண்டாம்; பூசணத் துகள் நுரையீரலுக்குள் போகும். காசு கொடுத்து வாங்கியதை எறிய மனம் வராது என்பது எனக்குத் தெரியும். அந்த ஜாதிக்காய்ப் பொட்டலத்தை எறிந்தபோது சம்பந்தியம்மாவின் முகம் வாடியதையும் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து நான் விளக்கிச் சொன்னதும், அவரே தம் வீட்டு அஞ்சறைப் பெட்டியையும் மருந்து டப்பாக்களையும் துழாவத் தொடங்கினார்.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான். மற்றதைக் கடைக்காரர்களும் அதிகாரிகளும்தான் செய்ய முடியும். சிங்கப்பூரில் விற்கப்படும் மாத்திரை, குப்பி வடிவிலான சீனத் தயாரிப்பு மருந்துகளைச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பட்டியலில் சேர்த்த பிறகே விற்க முடியும். நம்முடைய பாரம்பரிய மருந்துகளுக்கு அத்தகைய முன் ஒப்புதல் தேவையில்லை. அவை பாதுகாப்பானவையாக இருக்க வேண்டியது அவற்றைக் கொண்டுவருபவர், விற்பவர் ஆகியோரின் பொறுப்பு. உணவுப் பொருளில் அஃப்ளடாக்சின் 100 கோடியில் 5 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் உணவு விதிமுறைகள் வரையறுத்துள்ளன. சீன அரசின் மருந்து நூலும் ஜாதிக்காய், தாமரை விதை, உலர்ந்த ஆரஞ்சுத் தோல் போன்ற சரக்குகளுக்கு, கிலோவுக்கு அஃப்ளடாக்சின் பி1 5 மைக்ரோகிராம், எல்லா வகைகளும் சேர்த்து 10 மைக்ரோகிராம் என்று எல்லை வகுத்துள்ளது. பிரியாணிக்குப் போகும் ஜாதிக்காய்க்கும் பிள்ளைக்கு உரைக்கும் ஜாதிக்காய்க்கும் ஒரே கண்டிப்பு காட்டப்பட வேண்டும். சொல்லப்போனால் இரண்டாவதற்கே கூடுதலாகக் காட்டப்பட வேண்டும். சிராங்கூன் சாலைப் பகுதியிலும் ஏனைய இடங்களிலும் விற்கப்படும் நாட்டு மருந்துச் சரக்குகளின் மாதிரிகளை ஆணையமும் சிங்கப்பூர் உணவு அமைப்பும் அவ்வப்போது எடுத்துப் பூசண நஞ்சுக்காகச் சோதித்து, முடிவுகளைத் தமிழிலும் வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கடைக்காரர்களிடம் என் வேண்டுகோள் எளியது. நீங்கள் தரும் ஒவ்வொரு பொட்டலத்திலும், அது எந்த ஊரிலிருந்து எந்த மாதம் வந்தது, எந்த நாளில் பிரித்துக் கட்டப்பட்டது என்று குறிப்பிடுங்கள். பழைய மூட்டையின் அடிச்சரக்கைப் புதிய மூட்டையோடு கலக்காதீர்கள். திறந்த கோணியைக் கடை வாசலில் மழைச்சாரல் படும்படி வைக்காதீர்கள். மொத்த வணிகரிடம் சரக்கு எடுக்கும்போது அஃப்ளடாக்சின் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். நான்கு பேர் கேட்டால் ஐந்தாவது முறை அவர்களே கொடுத்தனுப்புவார்கள். நியாயமாகத் தொழில் செய்யும் பல கடைகளை நான் அறிவேன். அந்த ஜாதிக்காயை நாங்கள் வாங்கிய கடைக்காரரும் திருப்பிச் சொன்னபோது கோபிக்கவில்லை. மீதமிருந்த மூட்டையை என் கண்ணெதிரிலேயே பிரித்துக் கொட்டிப் பார்த்தார். அவருக்கும் தெரியாமல்தான் இருந்திருக்கிறது.

நெடுநாளாக மூலிகைப் பொடி உண்டு வருபவர்கள், குறிப்பாக 1987ஆம் ஆண்டுக்கு முன் பிறந்தவர்கள், பலதுறை மருந்தகத்துக்கு அடுத்த முறை செல்லும்போது தாங்கள் உண்ணும் பொடியின் பெயரை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, ஹெப்படைட்டிஸ் பி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள். என் அண்ணன் 68 வயதில்தான் முதன்முறையாக அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டார்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈசூன்